வண்டிக்குள் உறவுமுறை கிடையாது

அடுத்த வாரம் உங்களில் சிலர் முதல்முறையாக ஒரு மாலை வகுப்புக்கு முன்னால் நிற்கப் போகிறீர்கள். எதிரே இருப்பவர்கள் பிள்ளைகள் அல்லர். பகல் முழுவதும் துறைமுக ஜெட்டியிலும் கடையிலும் சாலையிலும் உழைத்துவிட்டு, முகம் கழுவி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருப்பார்கள். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அந்த மூடிய வாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் வாத்தியாராவதற்கு முன்பு இந்தப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். காலையில் கோர்ட்டு, மத்தியானம் ஜெட்டி, சாயங்காலம் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தம். அங்கே ஆசிரியராக இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் கோர்ட்டில் ஒரு சாட்சி பாதியில் பேச்சை நிறுத்திவிட்டான். 'சாட்சி மௌனமானார்' என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

"பேச்சு நிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆளு யாரைப் பாத்தான்?"

"கவனிக்கலைங்க."

"அப்ப நீ கோர்ட்டுக்குப் போகலை," என்றார். வரியை அடித்துவிட்டார்.

அந்தக் கேள்வி பத்திரிகையில் எனக்கு உதவியதைவிட வகுப்பில்தான் அதிகம் உதவியது. நான் பார்த்த மாணவர்களில் மிகவும் வாய் திறக்காதவர் சூசை. அவரை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் தொடங்கிய ஆட்குறைப்பு டவுனுக்குள்ளும் வந்துவிட்டது. வேலை போனவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வகுப்பு ஒரு மாதாகோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டிடத்தில் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் டிராம் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் ஆட்கள். மீதிப் பேர் கடைச் சிப்பந்திகள்.

தண்டவாள ஆட்களுக்குக் கங்காணி அருளப்பன். ஐம்பதைத் தாண்டியவர். நெட்டை உருவம், நரைத்த மீசை, தோளில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு. சாமியாரிடம் பேசி வகுப்புக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். முதல் பெஞ்சில் நடுவில் உட்காருவார். ஆனால் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்பாக எதையாவது சொல்லி, தான் வேலை வாங்குகிற ஆட்கள் முன்னால் சிரிப்புக்கிடமாவதற்கு அவர் தயாராக இல்லை.

அவர் பக்கத்தில் சூசை. அருளப்பனின் ஒரே மகளைக் கட்டியவர். அதே தண்டவாளக் கூட்டத்தில் சம்மட்டி அடிப்பவர். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது நான். ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மாலை எல்லோரும் போன பிறகு அருளப்பன் மட்டும் நின்றார்.

"வாத்தியாரே, ஒரு விசயம். தண்டவாளக் கூட்டத்துல பாதியா ஆளைக் கொறைக்கப் போறாங்களாம். துரை சொல்லிட்டாரு."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை பேரு போற லிஸ்ட்ல இருக்கு. கடைசியா சேந்தவருல்ல." துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டார். "டிராம்ல கண்டக்டர் வேலைக்கு ஆளு எடுக்கிறாங்க. ஓடுற வண்டியில துரையே உக்காந்து பாப்பாராம். இங்கிலீசும் மலாயும் பேசணும். அது கெடைச்சா இங்க இருக்கலாம். கெடைக்கலன்னா கப்பல்தான். எம் மகளுக்கு இது நெற மாசம். அவ பொறந்தது இந்த ஊருல. கப்பலைக் கரையில இருந்து பாத்ததோட சரி."

"சூசை என்ன சொல்கிறார்?"

"அவரு என்ன சொல்லுவாரு? எங்கிட்ட அவரு பேசமாட்டாரே. நீங்கதான் பேச வைக்கணும்."

நான் பேச வைக்கப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது சூசையின் உதடு அசையும். தனியாகக் கேட்டால் அசையாது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கொட்டாங்கச்சி சுற்றுவது. நான் மேசையைத் தட்டும்வரை ஒரு கொட்டாங்கச்சி கைக்குக் கை மாறும். தட்டும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சூசை அதை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் போல வாங்குவார். வாங்கிய வேகத்தில் தள்ளிவிடுவார். ஒருமுறை அவர் கையில் சரியாகத் தட்டினேன். எழுந்து நின்றார். காது சிவந்தது. நின்றுகொண்டே இருந்தார். நான்தான் கடைசியில் உட்காரச் சொன்னேன்.

இவருக்கு ஆங்கிலம் ஏறவில்லை என்று முடிவு கட்டியிருப்பேன். ஆனால் அந்த வாரமே சௌரஸ்தா மார்க்கெட் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சூசை ரம்புத்தான் பழம் விற்கும் மலாய்க்காரப் பெண்ணிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கச் சிரிக்கப் பேசி, கொசுறாக ஒரு கொத்தும் வாங்கிவிட்டார். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் சிப்பந்தி வந்து தபாலாபீசுக்கு வழி கேட்டான். சூசை கையை நீட்டி, "கோ ஸ்ட்ரெயிட், மிஸ்டர். பிக் க்ளாக், டர்ன் லெஃப்ட்," என்றார். குரலில் தயக்கமே இல்லை. அவன் நன்றி சொல்ல, இவர், "ஹாட் டுடே, மிஸ்டர்!" என்று உபரியாக வேறு ஒன்றைச் சேர்த்தார்.

பேச்சு அத்தோடு அறுந்தது. சூசையின் கை கீழே இறங்கியது. ஒரு அடி பின்னால் நகர்ந்து, ரம்புத்தானை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். சாலைக்கு அப்பால் வெள்ளைத் துண்டு தெரிந்தது. அருளப்பன் வந்துகொண்டிருந்தார்.

பத்திரிகை ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் ஒழுங்காகப் பதில் கண்டுபிடித்தேன்.

மறுநாள் இதைக் காதரிடம் சொன்னேன். காதர் துணிக்கடைச் சிப்பந்தி. வகுப்பில் தப்பும் சரியுமாக ஓயாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். சூசையை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"இது தெரியாதா சார் உங்களுக்கு? தண்டவாளத்துல போய்ப் பாருங்க. சூசை மச்சான் பக்கத்துல ஒருத்தன் நிப்பான். கங்காணி அவன்கிட்டதான் சொல்லுவாரு, 'மாப்பிள்ளையை அந்தக் கட்டையைப் பொரட்டச் சொல்லு'ன்னு. மச்சான் காதுல விழும், பொரட்டும். ரெண்டு பேருக்கும் நடுவுல எப்பவும் ஒரு தந்திக் கம்பம் வேணும்."

"பெஞ்சை மாற்றிவிட்டால்?"

"பின்னாடி பெஞ்சுக்குப் போனா அவரு முதுகு தெரியுமே. மாமனாரு முதுகும் மாமனாருதானே சார்."

காதர் சொன்னது சரியாக இருந்தது. சூசையைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே தரைதான். அருளப்பனை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்வதற்கும் வழியில்லை. அவர் வாங்கிக் கொடுத்த இடம். அப்படிச் சொன்னால் கூட்டம் முழுவதும் அவரோடு எழுந்து போய்விடும்.

அப்போதுதான் டிராம் ஆட்டத்தை உண்டாக்கினேன். பெஞ்சுகளை இரண்டு வரிசையாக, நடுவில் வழி விட்டுப் போட்டோம். காதர் ஒரு பழைய கறுப்புத் தொப்பியைக் கொண்டுவந்தார். டிபன் கேரியர் மூடியும் கரண்டியும் மணி. பத்திரிகை அச்சுக்கூடத்தில் வெட்டி எறிந்த வண்ணக் காகிதத் துண்டுகள் டிக்கட். தொப்பி போட்டவர் கண்டக்டர். மற்றவர்கள் ஜெட்டியில் ஏறி ஆயர் ஈத்தாம் வரை போகிற பயணிகள். தொப்பி ஆளுக்கு ஆள் மாறும்.

விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வண்டிக்குள் ஆங்கிலம் அல்லது மலாய் மட்டும். தமிழ் பேசியவர் இறங்கி வாசலில் நின்று அடுத்த நிறுத்தத்தில்தான் ஏறலாம். கடைசி நிறுத்தம் வரும்வரை வாத்தியார் உட்பட யாரும் யாருடைய தப்பையும் திருத்தக்கூடாது. இந்த விதி உங்களுக்குச் சுலபமாகத் தெரியலாம். பிழை திருத்தியே பழகிய கை எனக்கு. நான் அந்த நேரம் முழுவதும் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன். கடைசி விதி சூசைக்காகவே எழுதியது: வண்டிக்குள் உறவுமுறை கிடையாது.

முதல் நாளே வகுப்பு தலைகீழாக மாறியது. மாதக்கணக்கில் மூடியிருந்த வாய்கள் தொப்பியைப் போட்டதும் திறந்தன. தப்பு செய்தால், "தொப்பி சொன்னது சார், நான் சொல்லலை," என்றார்கள். காதர் டிக்கட் வாங்காமல் பெஞ்சுக்கடியில் ஒளிந்தார். ஒரு சம்மட்டி ஆள் அவர் காலைப் பிடித்து இழுத்து, "யூ பே! ஆர் ஐ கால் மாத்தா-மாத்தா!" என்று போலீசைக் கூப்பிடப்போவதாக மிரட்டினார். கோயில் வாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிறகு சூசையின் முறை வந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டார். மணி அடித்தார். பின் பெஞ்சிலிருந்து தொடங்கி, "டிக்கட் ப்ளீஸ்," என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே முன்னால் வந்தார். குரல் ஒவ்வொரு பெஞ்சுக்கும் கொஞ்சம் ஏறியது. முதல் பெஞ்சு வந்தது. அருளப்பன் நிமிர்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சூசை அவரைக் கேட்காமல் தாண்டிப் போனார்.

"கண்டக்டர்!" என்று காதர் கத்தினார். "கங்காணி நோ டிக்கட் ஆ? ஃப்ரீ ஆ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சூசை தொப்பியைக் கழற்றி என் மேசை மேல் வைத்தார். கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். அன்று அதற்கு மேல் வண்டி ஓடவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சூசையைத் தேடிப் போய்த் தைரியம் சொல்லியிருப்பீர்கள். நானும் எழுந்தேன். வாசல்வரை போனேன். பிறகு திரும்பிவிட்டேன். சூசையிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. அவர் காட்டியது மரியாதை. அதை அவராகக் கீழே போட முடியாது; போட்டால் அது திமிர் என்று பெயர் வாங்கும். அதைத் தளர்த்தக்கூடிய ஆள் இன்னும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்களும் ஆட்டத்தில் பேச வேண்டும்."

"நானா?"

"முதலில் நீங்கள். அதுவும் கங்காணியாக இல்லை. வேறு யாராகவாவது. எல்லோரும் சிரிக்கிற மாதிரி ஒரு ஆளாக."

மீசை துடித்தது. "வாத்தியாரே, இந்த ஆளுங்களை நாளைக்கு வெயில்ல நிறுத்தி நான் வேலை வாங்கணும். என்னைக் கோமாளி வேசம் கட்டச் சொல்றீங்களா?"

"ஆமாம்."

"படிச்ச மனுசன் பேசுற பேச்சா இது?"

கப்பலைப் பற்றியும் மகளைப் பற்றியும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவை என்னைவிட அவருக்குத் தெரியும். எடுத்துச் சொன்னால் மிரட்டலாகிவிடும். தேத்தண்ணிக் கடை எதிரில் பார்த்ததை மட்டும் செய்தி சொல்வதுபோலச் சொன்னேன். ரம்புத்தான், கப்பல் சிப்பந்தி, பெரிய கடிகாரம், ஹாட் டுடே மிஸ்டர். பிறகு சாலைக்கு அப்பால் வெள்ளைத் துண்டு.

"மாப்பிள்ளை இங்கிலீசு பேசினாரா?" அருளப்பன் கேட்டார்.

"பேசினார். நன்றாகவே பேசினார்."

"நான் கேட்டதே இல்லையே," என்றார். எழுந்து போய்விட்டார்.

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. சூசை வந்திருந்தார். வீட்டில் மனைவி பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். முகம் அப்படித்தான் இருந்தது. நான் மறுபடியும் தொப்பியை அவரிடம் கொடுத்தேன். முதல் பெஞ்சு காலியாக இருந்ததால் வண்டி சுமாராக ஓடியது. எனக்கோ திருப்தியில்லை. மாமனார் இல்லாத இடத்தில் அவர் பேசுவதை நான் மார்க்கெட்டிலேயே பார்த்திருந்தேன்.

பினாங்கு ரோடு நிறுத்தத்தில் மணி அடித்தபோது வாசலில் ஒரு கோழி கத்தியது.

எல்லோரும் திரும்பினோம். அருளப்பன் நின்றார். வெள்ளைத் துண்டு தோளில் இல்லை. தலையில் முக்காடாகப் போட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்திருந்தார். இடுப்பில் ஒரு உயிர்க்கோழியை இடுக்கிக்கொண்டு, கூன் போட்டு, கிழவி நடை நடந்து படியேறினார். மீசை முக்காட்டுக்கு வெளியே தெரிந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அருளப்பன் முதல் பெஞ்சில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்துக்கொண்டு, கீச்சுக் குரலில், "கண்டக்டர்! ஆயர் ஈத்தாம். ஒன் டிக்கட். ஆயாம் நோ டிக்கட், லா. ஆயாம் ஸ்மால்," என்று கோழிக்கு மலாய்ப் பெயர் சொல்லிக் கெஞ்சினார்.

காதர்தான் முதலில் வெடித்தார். பிறகு கூரை ஓடு அதிர்ந்தது. கோழி பயந்து சிறகடித்தது.

நான் சூசையைத்தான் பார்த்தேன். தொப்பிக்கு அடியில் முகம் ஒருமுறை கோணியது. அழப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் நேராக முதல் பெஞ்சுக்கு வந்தார்.

"ஹென் நோ," என்றார். "ஹென் கோ டவுன்."

"ஸ்மால், லா!"

"ஸ்மால், பிக், சேம். தா போலே," என்று மலாயில் மறுத்தார். "யூ சிட். ஹென் வாக்."

"ஓ கண்டக்டர், ஹென் ஓல்ட். லெக் பெயின்."

"தென் யூ வாக், ஹென் சிட்!"

அருளப்பனுக்கே அதற்கு மேல் தாங்கவில்லை. முக்காட்டுக்குள் குலுங்கினார். கைகளை அக்குளிலேயே வைத்துக்கொண்டு நான் நின்றேன். அந்த உரையாடலில் ஒரு வாக்கியமும் சரியில்லை. அவ்வளவு நல்ல ஆங்கிலத்தை அந்தக் கட்டிடத்தில் நான் அதுவரை கேட்டதுமில்லை. கடைசி நிறுத்தம் வந்த பிறகு, 'உயிருள்ள பறவைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கரும்பலகையில் எழுதினேன். சூசை அதைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு எந்த வகுப்பிலும் அவர் குரலை நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆட்டம் வேறு, பரீட்சை வேறு. ஆட்டத்துக்கு வெளியே மாமனாரும் மருமகனும் பழையபடிதான் இருந்தார்கள். நடுவில் தந்திக் கம்பம் அப்படியே நின்றது.

பரீட்சைக்கு முதல்நாள் அருளப்பன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

"வாத்தியாரே, மோசம் போச்சு. நாளைக்கு அந்த வண்டியில என்னையும் ஏறச் சொல்றாரு துரை. வளைவுல வண்டி குதிக்குதாம், உக்காந்து பாருன்னு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"சூசைக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா ராத்திரி தூங்கமாட்டாரு. கண்டக்டர் எல்லார்கிட்டயும் டிக்கட் கேக்கணும், துரைகிட்டயும் கேக்கணும், எங்கிட்டயும் கேக்கணும். அதான் பரீட்சையே." தொண்டையைச் செருமினார். "கோழி கொண்டுபோக முடியாதே."

சொல்லலாமா, வேண்டாமா என்று இருவரும் யோசித்தோம். சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னால் அவர் இரவெல்லாம் அந்த ஒரு இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன செய்வது என்று உங்களுக்கு அங்கே தோன்றும்," என்றேன். எனக்கே ஒன்றும் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் பினாங்கு ரோட்டில் நானும் சாதாரணப் பயணியாக அந்த வண்டியில் ஏறினேன். கூட்டம் இருந்தது. துரை பின்வரிசையில் வெள்ளை உடையில், காலின் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அருளப்பன் நடுவில், ஜன்னலோரம், விறைப்பாக. சூசை முன்பக்கத்தில் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, நிஜத் தொப்பி, தோளில் பை. அவர் அருளப்பனை ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மலாயிலும் ஆங்கிலத்திலும் டிக்கட் கேட்டுக்கொண்டே வந்தவர் குரல் ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் இறங்கியது. ஓட்டுக் கட்டிடத்தில் நான் முன்பு கேட்டதற்கு நேர்மாறான கணக்கு.

அருளப்பனின் வரிசைக்கு வந்தார். நின்றார். வாய் திறந்தது. ஒலி வரவில்லை.

துரை ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

அருளப்பன் மருமகனைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு, தோளில் இருந்த துண்டை எடுத்தார். உதறினார். தலையில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் கொஞ்சம் வெயில் விழுந்தது உண்மை. பார்த்தவர்கள் வெயிலுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு முனையை மெதுவாக இழுத்துப் பல்லில் கடித்தார்.

சூசையின் தோள்கள் இறங்கின.

"டிக்கட், ப்ளீஸ். வேர் கோயிங்?"

"ஆயர் ஈத்தாம்."

டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தார். அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. முகத்தில் ஒரு அசைவுமில்லாமல், "எனி ஹென்?" என்றார்.

"நோ ஹென்," என்றார் அருளப்பன், அதைவிட அசைவில்லாத முகத்தோடு.

துரை முன்னால் சாய்ந்து, கோழியைப் பற்றி என்ன கேட்டாய் என்று ஆங்கிலத்தில் அதட்டினார். வண்டியில் பேச்சு நின்றது. சூசை திரும்பி அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"மார்க்கெட் ஸ்டாப், சார். மெனி பீப்பிள் ப்ரிங் ஹென், சார். லைவ் பேர்ட்ஸ் ஆர் நாட் அலௌட் இன்சைட், சார். ஐ ஆஸ்க் எவ்ரிபடி."

எழுதிக் கொடுத்த வாக்கியம் பிசகில்லாமல் அதன் நடுவில் வந்தது. துரை மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். அப்படியானால் இன்னும் என்னைக் கேட்கவில்லையே என்றார்.

சூசை பின்வரிசைக்குப் போனார். "டிக்கட், ப்ளீஸ், சார். எனி ஹென், சார்?"

துரை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வண்டி முழுவதும் சிரித்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் தாயார், எல்லோரும். அருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டைத் தலையிலிருந்து எடுத்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, வளைவு வருகிறதா என்று தண்டவாளத்தைக் கவனிக்கத் தொடங்கினார். வேலைக்கு வந்தவர் அல்லவா.

சூசைக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தது. தண்டவாளக் கூட்டத்தில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். அதையும் நான் ஜெட்டியில் நின்று பார்த்தேன். எங்கள் ஓட்டுக் கட்டிடத்திலிருந்து எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசத் தெரிந்ததால் இந்த ஊரில் நின்றவர்கள் சிலர் உண்டு, அவர்கள் பேசியது என் கண் முன்னால்தான். டிராம் எடுக்கப்பட்டு அதன் இடத்தில் மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் கம்பி பஸ் வந்துவிட்ட இந்த நாளிலும், நான் ஏறினால் ஒரு கண்டக்டர் கோழி இருக்கிறதா என்று கேட்காமல் டிக்கட் கொடுப்பதில்லை. அந்தப் பெருமையை நான் மறைத்துக்கொள்வதாக இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆட்டங்களை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். தொப்பியும் கரண்டியும் எங்கும் கிடைக்கும். ஆனால் பேசாதவர்மேல் ஆட்டத்தைத் திணிக்காதீர்கள். அவர் யாரைப் பார்த்து நிறுத்தினார் என்று பாருங்கள். அந்த ஆளிடம் போங்கள். அவரிடம் கேட்பது கஷ்டம். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

பரீட்சைக்குப் பிறகு வந்த முதல் வகுப்பைச் சொல்லி முடிக்கிறேன். சூசை காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். இனி வரத் தேவையில்லை என்றாலும் வந்தார். பெஞ்சுகளை வண்டியாகப் போட்டோம். யாருக்குத் தொப்பி என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அருளப்பன் எழுந்தார்.

"வாத்தியாரே, எல்லாருக்கும் குடுத்தீங்க. எனக்கு ஒருநாளும் அந்தத் தொப்பியைக் குடுக்கலையே."

கொடுத்தேன். நரைத்த தலையில் அது கொஞ்சம் சிறியதாக இருந்தது. சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, பின் பெஞ்சிலிருந்து, "டிக்கட், டிக்கட்," என்று ஆரம்பித்தார். தப்பு வந்தது, ஒருவரும் திருத்தவில்லை. முதல் பெஞ்சுக்கு அவர் வந்து சேர்வதற்குள், அங்கே இருந்த சூசை, பக்கத்திலிருந்த காதரின் துண்டை உருவி எடுத்துத் தன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.